மத்தியானச் சாப்பாட்டில்தான் காசு கரைகிறது

கேள்வி: மே மாத விடுமுறையில் ஸ்விட்சர்லாந்து போகிறோம். நான், கணவர், 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு குழந்தைகள், 68 வயது மாமியார். இன்டர்லாக்கன் ஊரில் சமையலறையோடு ஒரு ஃப்ளாட்டை 8 இரவுகளுக்கு எடுத்திருக்கிறோம். மாமியார் முட்டைகூடத் தொடமாட்டார். வெளியில் சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது என்று என் கணவர் அரிசி, பருப்பு, குக்கர், நெய், மாம்பழம் என்று 40 கிலோவுக்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். செலவு குறைய வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் இங்கே செய்கிற மூன்று வேளைச் சமையலை அங்கேயும் போய் நானேதான் செய்ய வேண்டுமா?
– வாசகி, செம்பூர், மும்பை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வேண்டாம். மூன்று வேளை சமைக்கத் தேவையே இல்லை. அப்படிச் சமைத்தால் கூடுதலாக மிச்சமாகும் பணமும் கொஞ்சம்தான்.

மாட்டுங்காவில் உட்கார்ந்து குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதற்கு முன்பு குழுப் பயணங்களை அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். மும்பையிலிருந்து கிளம்பும் சில குழுக்களில் மகராஜ் என்று ஒரு சமையல்காரரும் கூடவே வருவார். காலை நாலு மணிக்கு எழுந்து போஹா கிளறுவார், ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் அடுக்குவார். எத்தனையோ தடவை ஆல்ப்ஸ் வந்தும் ஒரு மலை உச்சியைக்கூட ஏறிப் பார்க்காத மகராஜ்களை எனக்குத் தெரியும். சமையலறையோடு வீடு எடுக்கும் குடும்பங்களில் அந்த வேலை சத்தமில்லாமல் வீட்டுப் பெண்ணின் தலையில் வந்து விழுகிறது. அதனால்தான் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு ஸ்விஸ் பிராங்க் 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண உணவகத்தில் ஒரு தட்டுச் சாப்பாடு 20 முதல் 30 பிராங்க் ஆகும். ஐந்து பேர் மத்தியானமும் ராத்திரியும் வெளியில் சாப்பிட்டு, நடுவில் காபி, தண்ணீர் பாட்டில் என்று வாங்கினால் ஒரு நாளைக்கு 250 பிராங்க் சுலபமாகப் போய்விடும். எட்டு நாளைக்கு 2,000 பிராங்க், அதாவது 2,20,000 ரூபாய். அதே ஐந்து பேருக்குக் காலை உணவு, மத்தியானக் கட்டுச்சாதம், எளிய ராச்சாப்பாடு மூன்றுக்கும் சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்கினால் ஒரு நாளைக்கு 50 பிராங்க் போதும். எட்டு நாளைக்கு 400. நடுவில் இரண்டு வேளை வெளியில் நன்றாகச் சாப்பிட 250, ஐஸ்கிரீம், காபிக்கு 100 சேர்த்தாலும் 750 பிராங்க்குக்குள் முடிந்துவிடும். 82,500 ரூபாய்.

இதில் எந்த வேளையில் பணம் கரைகிறது என்று பாருங்கள். ராச்சாப்பாட்டை எல்லோரும் யோசித்து வைப்பார்கள், வீடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, எப்படியும் நடந்துவிடும். மத்தியானம் அப்படியில்லை. ரயிலில் ஏறி, கேபிள் காரில் ஏறி, 2,000 மீட்டர் உயரத்தில் நிற்கும்போது மணி ஒன்று. சின்னவனுக்குப் பசி, மாமியாருக்குச் சூடாக ஏதாவது வேண்டும். எதிரே இருப்பது ஒரே ஓர் உணவகம். அந்த இடத்தில் யாரும் விலைப்பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, கிடைத்ததை வாங்கிவிடுகிறோம். தாகமும் அப்படித்தான். உணவகத்தில் அரை லிட்டர் தண்ணீருக்கு 4, 5 பிராங்க் வாங்குவார்கள். ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் வாங்கினாலே எட்டு நாளில் 160 பிராங்க், 17,600 ரூபாய் வெறும் தண்ணீருக்கு.

ஸ்விட்சர்லாந்தில் குழாய்த் தண்ணீர் அருமையான தண்ணீர், கொதிக்க வைக்கக்கூட வேண்டாம். ஊருக்கு ஊர் கல்தொட்டியில் நீரூற்று விழுந்துகொண்டிருக்கும், அதிலும் பிடித்துக் குடிக்கலாம். ‘கைன் ட்ரிங்க்வாஸர்’ என்று பலகை இருந்தால் மட்டும் அது குடிநீர் இல்லை என்று அர்த்தம். ஆளுக்கொரு பாட்டில், மாமியாருக்கு வெந்நீர் பிடிக்க ஒரு நல்ல ஸ்டீல் ஃபிளாஸ்க். இவ்வளவுதான் முதலீடு.

சரி, கட்டுச்சாதத்துக்கு வருவோம். இதில்தான் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. தாதரிலிருந்து மெட்ராஸ் மெயிலில் ஊருக்குப் போன நாட்களில் நம் வீடுகளில் எப்படிக் கட்டிக்கொண்டு போனோமோ, அதேதான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டிலேயே நல்லெண்ணெய் தாராளமாக விட்டுப் புளிக்காய்ச்சல் செய்துவிடுங்கள். கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாத் தாளிப்பும் அதற்குள்ளேயே இருக்கட்டும். அங்கே போய்த் தாளிக்கிற வேலையே வேண்டாம். அடைத்த சின்ன ஃப்ளாட்டில் மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் புகையை உணரும் அலாரம் அலறும், திரைச்சீலை வரைக்கும் வாசனை ஏறும், வீட்டுக்காரர் துப்புரவுக்கென்று தனியாகக் காசு கேட்கவும் கூடும்.

காலையில் ஒரே தடவை சாதம் வையுங்கள். ஒரு பாதியில் புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறி ஒரு டப்பா. இன்னொரு பாதியைக் குழைய மசித்து, கை பொறுக்கும் சூட்டில் பாலை நிறைய விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்து, உப்புப் போட்டு மூடுங்கள். மலை மேல் டப்பாவைத் திறக்கும்போது புளிக்காத தயிர்சாதமாக இருக்கும். மே மாதத்திலும் அங்கே மேலே குளிர்தான், மும்பை வெயிலில் கெடுவதுபோல் எதுவும் கெடாது. தொட்டுக்கொள்ள அந்த ஊர்ச் சிப்ஸ் ஒரு பாக்கெட். க்ளைன ஷைடெக் என்ற நிலையம் 2,061 மீட்டரில் இருக்கிறது, ஐகர் மலையின் வடக்குச் சுவர் நேர் எதிரே நிற்கும். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, விரல் விறைக்க விறைக்கப் புளியோதரை சாப்பிட்ட ஒரு பாட்டியம்மா, ஊருக்குத் திரும்பி வந்து என்னிடம் முதலில் சொன்னது மலையைப் பற்றி அல்ல, அந்தச் சாதத்தைப் பற்றித்தான். ரயிலிலும் தாராளமாக டப்பாவைத் திறக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். உணவகத்தின் மேஜையில் மட்டும் நம் டப்பாவைத் திறக்காதீர்கள், அது அங்கே மரியாதை இல்லை.

அப்புறம், மும்பையில் இருக்கிறோம், குஜராத்திக் குடும்பங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: காக்ரா. மெல்லிசான சப்பாத்தியை மொறுமொறுவென்று சுட்டது. ஈரம் இல்லை, கனம் இல்லை, பல நாள் கெடாது. எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி, ஒரு வாழைப்பழத்தோடு கொடுத்தால் குழந்தைகள் நாலு மணிப் பசிக்கு வாயே திறக்கமாட்டார்கள். பத்துப் பதினைந்து பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கணவரின் 40 கிலோ. அவருடைய கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் பட்டியலில் பாதி வேண்டாதது, கொஞ்சம் சட்டப்படி கூடாதது. நெய், வெண்ணெய், பன்னீர், பால்பவுடர், பால்கோவா எதையும் இந்தியாவிலிருந்து கொண்டுபோக முடியாது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருளோ இறைச்சியோ கொண்டுவர அங்கே தடை. என்னிடம் திட்டம் வாங்கிப் போன ஒருவர், சொல்லியும் கேட்காமல் ஒரு டின் நெய்யை எடுத்துப் போய் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தார். வெண்ணெய்க்குப் பேர்போன ஊருக்கு நெய் எதற்கு? அங்கே கால் கிலோ வெண்ணெய் வாங்கி உருக்கினால் எட்டு நாளைக்கு ஆகும்.

மாம்பழமும் கூடாது. மே மாதம் என்றால் ஹாபுஸ் பெட்டியோடுதான் கிளம்ப வேண்டும் என்று மும்பைக்காரர்களுக்குக் கை பரபரக்கும், தெரியும். ஆனால் 2020 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பழம், காய், இலை எதுவும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் ஸ்விட்சர்லாந்துக்குள் வரக்கூடாது. வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியன் இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு. எனவே கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சை மிளகாய், முருங்கைக்காய் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கறிவேப்பிலைப் பொடியாக எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்க்கு விலக்கு என்றவுடன் கொப்பரையை எடுத்துவிடாதீர்கள். கொப்பரை சூடேறித் தானே தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானத்தில் ஏற்றமாட்டார்கள். ஊறுகாய், புளிக்காய்ச்சல் இரண்டும் பெரிய பெட்டியில்தான் போக வேண்டும், கைப்பையில் வேண்டாம். பாட்டிலின் வாயில் பிளாஸ்டிக் தாளை வைத்து மூடியைத் திருகி, இரண்டு பையில் போட்டு, பழைய துண்டில் சுற்றி வையுங்கள்.

அரிசி அங்கேயே வாங்குங்கள். மலிவு அரிசி கிலோ 2, 3 பிராங்க்கில் கிடைக்கும். விமானத்தில் பத்துக் கிலோ தூக்கிப் போய் மிச்சம் பிடிக்கிற அளவுக்கு அது ஒரு செலவே இல்லை. குக்கரும் வேண்டாம். மலைப்பிரதேசத்தில் பருப்பு வேகாது என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். இன்டர்லாக்கன் சுமார் 570 மீட்டர் உயரம்தான், பெங்களூர் 900 மீட்டருக்கு மேல். பெங்களூரில் வேகிற பருப்பு அங்கே வேகாமல் போகாது. துவரம்பருப்பைத் தேடாமல் ‘ரோட்டெ லின்ஸன்’ என்று எழுதிய பாக்கெட்டை எடுங்கள், அது நம் மைசூர் பருப்புதான். சாதாரணப் பாத்திரத்திலேயே இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். ரசப்பொடி ஒரு கரண்டி, தக்காளி இரண்டு, உப்பு, புளிக்கு எலுமிச்சை. முடிந்தது ராச்சாப்பாடு.

குக்கர் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே அடுப்பு பெரும்பாலும் கண்ணாடிப் பரப்புள்ள மின் அடுப்பு. அது இண்டக்‌ஷனாக இருந்தால் நம் அலுமினிய குக்கர் அதில் சூடே ஆகாது. என்ன அடுப்பு, எத்தனை பாத்திரம் என்று வீட்டுக்காரருக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். மனசு கேட்காவிட்டால் சின்ன எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். மின்னழுத்தம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட், ஆனால் நம் மூன்று பின் பிளக் அங்கே நுழையாது. ஸ்விஸ் சாக்கெட்டுக்கென்று உள்ள அடாப்டரை இங்கேயே பார்த்து வாங்குங்கள்.

கடைகளைப் பற்றி. மீக்ரோஸ், கோப் இரண்டும் எங்கும் இருக்கிற பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள். இன்டர்லாக்கனில் கிழக்கு ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கோப் இருக்கிறது, மேற்கு நிலையத்துப் பக்கம் மீக்ரோஸ். மீக்ரோஸில் ‘எம்-பட்ஜெட்’, கோப்பில் ‘பிரி கராண்டி’ என்று போட்ட சாமான்கள் அவர்களுடைய மலிவு வரிசை. பால், பாஸ்டா, ரொட்டி, அரிசி எல்லாம் அதில் உண்டு, சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன், தரத்தில் குறையில்லை. கடை மூடுவதற்கு முன்பு போனால் அன்றைக்கே விற்றாக வேண்டிய ரொட்டி, சாலட், பழத்தின் மேல் 25 அல்லது 50 சதவீதத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். மறுநாள் காலைக்கு அது போதும். அந்தக் கடைகளின் சுயசேவை உணவகங்களும் நல்லவை. வெளியில் சாப்பிடும் இரண்டு வேளையில் ஒன்றை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். எங்கே சாப்பிட்டாலும் சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயம் இல்லை. கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா பிராங்க்கிலா என்று மெஷின் கேட்டால் பிராங்க் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள்.

மாமியாருக்காகச் சில ஜெர்மன் சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். முட்டைக்கு ‘ஐ’, பன்மையில் ‘ஐயர்’ என்றே உச்சரிப்பு, மறக்கவே மறக்காது. ‘ஷிங்கன்’, ‘ஷ்பெக்’ இரண்டும் பன்றி இறைச்சி. ‘கெலட்டீனெ’ என்று இருந்தால் ஜெலட்டின், சில இனிப்புகளில் வரும். உருளைக்கிழங்கைச் சீவி வறுத்த ரோஷ்டி அவருக்குப் பிடிக்கும், ஆனால் பன்றிக் கொழுப்பு சேர்க்கவில்லையே என்று கேட்டு வாங்குங்கள். சீஸ் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். க்ருயேர் போன்ற பாரம்பரியச் சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைச் சேர்ப்பார்கள். தெரிந்தபின் சாப்பிடுவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. அந்த ரென்னட் சேர்க்காத, பச்சை நிறத்தில் ‘வி’ முத்திரை உள்ள சீஸ்களும் கிடைக்கின்றன.

ஸ்விட்சர்லாந்தில் இலங்கைத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் வாழ்கிறார்கள். பெர்ன், சூரிக், பாசல் நகரங்களில் அவர்களுடைய மளிகைக் கடைகள் உண்டு. கறிவேப்பிலை, முருங்கைக்காய், அப்பளம், இடியப்ப மாவு எல்லாம் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். காய்கறியை மரக்கறி என்பார்கள். பெர்னுக்கு ஒருநாள் போவீர்கள் அல்லவா? யூரோப்பாப்ளாட்ஸில் 2014 இல் திறந்த ‘சமயங்களின் இல்லம்’ என்ற கட்டிடத்துக்குள்ளேயே ஞானலிங்கேச்சுரர் கோயில் இருக்கிறது, தமிழில் வழிபாடு நடக்கும். மாமியாரை அங்கே அழைத்துப் போங்கள். அதே கட்டிடத்தில் சைவ உணவகமும் உண்டு. வெளியில் சாப்பிடும் இரண்டாவது வேளையை அதற்கு வைத்துக்கொள்ளலாம், திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கிழமை விஷயம் ரொம்ப முக்கியம். என் சொந்தக் குடும்பத்தோடு முதல் தடவை போனபோது ஒரு சின்ன கிராமத்தில் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இறங்கினோம். கடை ஐந்துக்கே சாத்தியிருந்தது. மறுநாள் ஞாயிறு, திறக்கவே இல்லை. கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் தவிர ஒன்றும் இல்லாமல் நாலு பேர் தொடர்ந்து மூன்று வேளை பீட்சா சாப்பிட்டோம். ஒரு வாரத்து மளிகைக் காசு அதிலேயே போயிற்று. அங்கே ஞாயிறு பொதுவாகக் கடைகளுக்கு விடுமுறை, சனிக்கிழமை சீக்கிரம் மூடிவிடுவார்கள். மே மாதத்தில் பெரும்பாலும் இயேசு விண்ணேற்ற விழா என்று ஒரு வியாழக்கிழமையும் விடுமுறையாக வரும். பெரிய ரயில் நிலையங்களிலும் சுற்றுலா ஊர்களிலும் ஞாயிறன்றும் திறக்கும் கடைகள் உண்டு. சூரிக் விமான நிலையத்துக்குள்ளேயே வருடம் முழுவதும் திறந்திருக்கும் மீக்ரோஸும் கோப்பும் இருக்கின்றன. விமானத்திலிருந்து இறங்கியதும் ரயில் ஏறுவதற்கு முன்பு அங்கே பால், தயிர், அரிசி, ரொட்டி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, வெண்ணெய் வாங்கிவிடுங்கள். முதல் இரண்டு நாள் பாடு தீர்ந்தது.

கடைசியாக, யார் என்ன செய்வது என்பது. இதைக் கிளம்பும் முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள், அங்கே போய்ப் பேசினால் மனஸ்தாபம்தான் வரும். கடைக்குப் போவது கணவரும் பெரிய பிள்ளையும். பட்டியல் போடுவதில் கெட்டிக்காரர் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது, அந்தக் கெட்டிக்காரத்தனம் அங்கே பயன்படட்டும். காலை உணவு ரொட்டி, வெண்ணெய், ஜாம், பால், பழம் என்றே இருக்கட்டும், எட்டு நாளைக்கு உப்புமா இல்லாமல் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. டப்பாவில் சாதத்தை அடைப்பதும் தண்ணீர் பிடிப்பதும் குழந்தைகள். தயிர்சாதம் கலக்க மாமியாருக்கு ஆசை இருந்தால் விட்டுக்கொடுங்கள், அவர் கைப்பக்குவமும் உங்களோடு வந்ததாக இருக்கும். ராத்திரி ரசம் ஒருநாள், பாஸ்டா ஒருநாள், கிச்சடி ஒருநாள். பாத்திரம் கழுவுவது ஆளுக்கொரு நாள், மெஷின் இருந்தால் அதுவும் இல்லை. நீங்கள் அடுப்படியில் நிற்பது ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரத்தைத் தாண்டினால் திட்டத்தில் ஏதோ தப்பு என்று எடுத்துக்கொண்டு, அன்று ராத்திரி ரொட்டியும் தயிரும் என்று அறிவித்துவிடுங்கள்.

குப்பை பற்றி ஒரு வார்த்தை. அங்கே பெரும்பாலான ஊர்களில் வரி சேர்த்து விற்கும் பையில்தான் குப்பையைப் போட வேண்டும், ஒவ்வொரு பைக்கும் காசு. எனவே ஐந்தாம் நாளோடு பெரிய கொள்முதலை நிறுத்திக்கொண்டு இருப்பதைத் தீருங்கள். கடைசி நாள் காலையில் மிச்சமிருக்கும் சாதத்தைக் கிளறி விமான நிலையம் போகும் ரயிலுக்குக் கட்டிக்கொள்ளுங்கள். பிரிக்காத உப்பு, எண்ணெய், பாஸ்டா பாக்கெட் இருந்தால் அடுத்து வருகிறவர்களுக்கு அலமாரியில் விட்டுவரலாமா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

உங்கள் விமானம் எந்தக் கிழமை இறங்குகிறது என்று எழுதவில்லை. சனி அல்லது ஞாயிறு என்றால் எனக்கு உடனே எழுதுங்கள், முதல் நாள் சாமான் பட்டியலைத் தனியாகப் போட்டு அனுப்புகிறேன்.